எண்பத்தேழாவது படி

வெயில் முதலில் மலையுச்சியில் விழும். முருகன் கோயில் கோபுரக் கலசத்தில். பிறகு படியிறங்கத் தொடங்கும்.

அவசரப்படாது. ஒரு படி. அடுத்து இன்னொரு படி. மேல் மண்டபம், நடு மண்டபம், கீழ் மண்டபம். அடிவாரத்துப் புளியமரத்துக்கு வந்து சேர முழுசாய்க் கால் மணி நேரம் ஆகும்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே மொட்டையாய் ஒரு கரடு. சூரியன் அந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து ஏறி வருவதால்தான் இந்தத் தாமதம் என்று மகள் விளக்கம் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தக் கால் மணி நேரம் வேண்டும்.

மலை தெரிகிற மேற்கு ஜன்னலோரம் கட்டில். கட்டிலில் நான். வெயில் அடிவாரம் சேரும்வரை எழுந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை.

இறங்குகிற வெயிலுக்கு என்ன, சுலபம். ஏறச் சொன்னால் தெரியும்.


என் பெயர் பரிமளா. வயது நாற்பத்தாறு. போன வருஷம் வைகாசியில் இடது மார்பில் ஒரு கட்டி. எடுத்தார்கள். எட்டு முறை மருந்து ஏற்றினார்கள். இருபத்தைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். இந்த வருஷம் மாசியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் கிளியர் என்றார்.

அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தோம். கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை.

இது தூக்கம் வருகிற அசதி இல்லை. தூங்கி எழுந்தாலும் கட்டிலிலேயே காத்திருக்கும். எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

குளித்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் தலை சீவ வேண்டும். சீவினால் மறுபடி உட்கார வேண்டும். சீவுகிற அளவுக்குத் தலையில் முடி இல்லை, அது வேறு விஷயம்.

சப்பாத்தி நாலு தேய்த்தால் ஐந்தாவதுக்குக் கை வராது. பாதத்தில் எந்நேரமும் ஒரு மதமதப்பு. ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் வார்த்தை கிடைக்காது. எதிரில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். அவர் எடுத்துக்கொடுப்பது நான் தேடியதாக இருக்காது. பரவாயில்லை என்று அதையே வைத்துக்கொள்வேன். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

பார்க்க வருகிறவர்களுக்கு முடிதான் கண்ணில் படும். "அட, சுருட்டையா வந்திருக்குதே! பாக்கறதுக்கு ஜம்முன்னு இருக்கறே பரிமளா." மாதுளம்பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அட போங்கப்பா. மாதுளம்பழத்தை உரிக்கிறதுக்கு யார் தெம்பு கொண்டுவருவது?


நான் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கொடுத்தவள். எது சரி என்று தெரியவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூல் கிரவுண்டில் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பதினைந்து வருஷம் ஓடினேன். ஊரில் வண்டி ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் என் கையிலிருந்து போனவர்கள். நான் கையை விட்டது அவர்களுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

"பயந்தாக் கால ஊனு. கால ஊனறது அசிங்கமில்ல அம்மிணி. உழுந்தாத்தான் முட்டி போயிரும்." இதுதான் முதல் நாள் பாடம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துவேன்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. விசைத்தறிப் பட்டறையில் ஃபிட்டர். ஓடாத தறியை ஓட வைப்பவர். மூன்று நாள் பழகினார். காலை ஊன்றச் சொன்னேன், ஊன்றினார். அப்புறம் எடுக்கவே இல்லை. இன்றைக்கும் பட்டறைக்கு நடந்துதான் போகிறார்.

நடந்து போவது பெரிய விஷயம் இல்லை. வெறுங்காலோடு போகிறார். அதுதான் விஷயம்.


ஆபரேஷன் அன்று நடந்தது இது. நான் உள்ளே மயக்கத்தில். அவர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில். எங்கள் ஊர் எந்தத் திசை என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் பார்த்து நின்று, செருப்பைக் கழற்றிக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, வேண்டிக்கொண்டிருக்கிறார்.

'முருகா, அவளைக் குடு. அவ காலாலயே படியேறி வந்து உனக்குப் பால் ஊத்துவா. அதுவரைக்கும் நான் செருப்புத் தொடல.'

பாருங்கள். வேண்டுதல் அவருடையது, கால் என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயக்கத்தில் கிடந்தவளை எப்படிக் கேட்பது, அதுவும் சரிதான்.

வேண்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரே நினைப்பு. உயிர் பிழைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். பிழைத்த பிறகு நானூற்றுப் பன்னிரண்டு படி இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

சித்திரை வந்தது. ரோட்டில் தார் இளகியது. சாயங்காலம் வந்து குழாயடியில் கால் கழுவுவார். தார் போகாது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, அதன் மேல் இன்னொரு கொப்புளம். நான் தேங்காயெண்ணெய் தடவ உட்கார்ந்தால் காலை இழுத்துக்கொள்வார். "பழகிப்போச்சு புள்ள."

ஆடியில் குதிகால் வெடித்தது. ஐப்பசி மழையில் வெடிப்புக்குள் சேறு போய்ச் சீழ் வைத்தது. நொண்டி நொண்டி நடந்தார். ஒரு நாள்கூட, எப்போது மலைக்குப் போகலாம் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.


கேட்பதற்கு நாத்தனார் இருந்தார். ருக்குமணியக்கா, அவருடைய அக்கா, அடுத்த தெரு. செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார்.

"சாமி காரியத்தத் தள்ளிப் போடக்கூடாது கண்ணு. நல்லாத்தான ஆயிட்டே? அவன் காலப் பாத்தியா நீயி?"

பார்த்தேன் அக்கா. தினமும் அதைத்தான் பார்க்கிறேன். அவர் தூங்கின பிறகு போர்வையை விலக்கிப் பார்க்கிறேன். ஆனால் அக்காவிடம் சொன்னது வேறு. வெயில் தணியட்டும். மகளுக்குப் பரீட்சை முடியட்டும். முட்டி வலி தீரட்டும். மழை விடட்டும்.

முடியவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சொல்லத்தான் சொன்னார். "இந்த அசதி சிலருக்கு ஒரு வருஷம்கூட இருக்கும்மா. ரத்தத்துல ஒண்ணும் குறையில்ல. சோம்பேறித்தனமும் இல்ல. தினம் கொஞ்சம் நடங்க, முடியாதப்ப உட்காருங்க. முக்கியமா வீட்ல சொல்லுங்க."

வீடு அப்போது மருந்துக்கடை வரிசையில் வெறுங்காலோடு நின்றது. வெளியே வந்தேன். என்ன சொன்னாங்க என்றார். சத்து மாத்திரை எழுதியிருக்காங்க, வேற ஒண்ணுமில்லைங்க என்றேன்.

என்னால் ஏற முடியாது என்று சொன்னால் அந்தக் கால் அப்படியே செருப்பில்லாமல் நின்றுவிடும். வெந்து, வெடித்து, சீழ் வைத்து, எத்தனை வருஷத்துக்கோ. அதனால்தான் பொய் சொன்னேன். மத்தியானம் அவர் சாப்பிட வருகிற நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றுகொள்வேன். முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வேன். அவர் தெருமுனை திரும்பினதும் மறுபடி கட்டில்.

அந்த அரைமணி நேரம் நிற்பதற்காகக் காலையிலிருந்து படுத்திருப்பேன். அவருக்கு எங்கே தெரியும்?


ஒரு நாள் வெள்ளோட்டம் பார்த்தேன். எங்கள் மாடிக்குப் பதினாலு படி. அடுப்பில் பாலைச் சிம்மில் வைத்துவிட்டு, ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, காயப்போடப் போகிறவள் மாதிரி ஏறினேன். பொய்யைக்கூட வேலையாகத்தான் செய்ய வருகிறது எனக்கு.

ஒன்று. இரண்டு. மூன்று. கால் இருக்கிறது, அதற்குள் ஆள் இல்லை. ஏழாவது படியில் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தேன். துண்டு மடியில் இருந்தது.

கண் விழித்தபோது வெயில் சுவரை விட்டுப் போயிருந்தது. பால்! விழுந்தடித்து இறங்கினேன். பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்திருந்தது. ஆனால் அடுப்பு அணைந்திருந்தது.

எப்போது அணைத்தேன்? ஞாபகம் இல்லை. மருந்து ஏற்றினதிலிருந்து ஞாபகமும் இப்படித்தான். கொஞ்ச நேரத்தில் அவர் சாப்பிட வந்தார். கறுத்த பாத்திரத்தைப் பார்த்தார். போன் பேசிட்டே இருந்துட்டனுங்க என்றேன். செரி என்றார். தேங்காய் நாரைப் போட்டு அவரே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பதினாலில் ஏழு. மலையில் நானூற்றுப் பன்னிரண்டு. கணக்கில் நான் என்றைக்கும் மோசம். இது மட்டும் நன்றாகப் புரிந்தது.


அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் புத்தியை என்ன சொல்ல.

எங்கள் மலையில் படிபூசை செய்கிறவர்கள் உண்டு. தட்டில் மஞ்சளும் குங்குமமும் குழைத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பொட்டு வைத்து, கும்பிட்டு, மெதுவாகப் போவார்கள். அவர்களை யாரும் சீக்கிரம் போகச் சொல்வதில்லை. ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை. இரண்டு மணி நேரம் ஆனாலும் மூன்று மணி நேரம் ஆனாலும் பக்தி என்று ஒதுங்கிப் போவார்கள்.

நின்று நின்று போக இதைவிட நல்ல வழி உண்டா? படிபூசையோடவே ஏறறேனுங்க என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். செரி என்றார். ருக்குமணியக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்த மாதிரிப் பொம்பள யாருக்குக் கெடைப்பா!"

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கிழக்கு வெளுக்கிற நேரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் வண்டி ஓட்டினேன், அவர் பின்னால் பால் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு அசதி கொஞ்சம் குறையும். உட்கார்ந்துகொண்டே போகிற ஒரே வேலை அதுதானே.

சீட்டுக்கு அடியில் ஒரு பை வைத்திருந்தேன். அதில் அவருடைய பழைய செருப்பு, செய்தித்தாளில் சுற்றி. ஆஸ்பத்திரிக் குப்பைக் கூடைக்குப் பக்கத்திலிருந்து அன்றைக்கே மகள் எடுத்து வந்து பரணில் போட்டிருந்தாள். ஏறி இறங்கினதும் அடிவாரத்திலேயே போட்டுவிட வேண்டும். வீடு வரைக்கும்கூட வெறுங்காலில் விடக் கூடாது. பதினெட்டு மாதம் போதும்.


முதல் படி. மஞ்சள், குங்குமம், கும்பிடு. இரண்டாம் படி. மஞ்சள், குங்குமம், கும்பிடு.

பத்தாம் படியில்தான் உறைத்தது. குனிய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குனிந்து நிமிர வேண்டும். ஏறுவது பாதி வேலை, குனிவது மீதி வேலை. சும்மா ஏறுகிறவளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு அதுவே எண்ணூற்றுச் சொச்சம். ஐயோ சாமி, உட்காரச் சாக்குத் தேடிப் போய்த் தண்டால் எடுக்கச் சம்மதித்திருக்கிறேன்!

சிரிப்பு வந்தது. சிரிக்கவும் மூச்சு இல்லை.

முப்பதில் கால் நடுங்கியது. ஐம்பதில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அறுபதில் மஞ்சளைத் தொட்ட விரல் படியைத் தேடியது. அவர் ஒரு படி பின்னாலேயே வந்தார், இடது கையில் சொம்பு, வலது கை சும்மா. அந்தச் சும்மா இருக்கிற கை என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வந்துகொண்டே இருந்தது. தொடவில்லை. விலகவும் இல்லை.

எழுபது. மேலேயிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து நின்றார். வியர்வை, கண்ணீர், மஞ்சள் கை. என்ன நினைத்தாரோ, என் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "உங்களாட்டப் பக்தி எங்களுக்கில்லியே தாயி" என்றார். பக்தி இல்லைங்கம்மா, மூச்சு வாங்குது என்று சொல்ல வாய் வரவில்லை.

எண்பது. எண்பத்தைந்து. கீழ் மண்டபம் தெரிந்தது. நாலு தூண், உட்காரக் கல்பலகை. இன்னும் கொஞ்சம்தான்.

எண்பத்தேழு. குனிந்தேன். மஞ்சள் வைத்தேன். குங்குமம் வைத்தேன். நிமிர முடியவில்லை. அப்படியே திரும்பி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மண்டபத்துக்கு இன்னும் மூன்று படி. மூன்றே மூன்று. சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்றும் மலைக்கு மேல் இன்னொரு மலை மாதிரி இருந்தது.


அவர் சொம்பைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே ஊர் பனிக்குள் கிடந்தது. ஏதோ பட்டறையில் தறி ஓட ஆரம்பித்திருந்தது.

"முடியலீங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஒன்பது மாதமாகத் தொண்டையில் வைத்திருந்த ஒரு வார்த்தை. இடி விழவில்லை. ஒரு குருவி கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது.

"இன்னைக்கு மட்டுமில்லீங்க. தினமும் முடியல. நீங்க வர்றப்ப நின்னுட்டிருக்கறது பொய்யி. நாள் முழுக்கப் படுத்தேதான் கெடக்கறேன்."

"தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு அடுப்ப நாந்தான் அணைச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னார். "சாப்பிட வந்தேன். நீ மாடிப்படியில துண்ட மடியில வச்சுட்டுத் தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வல்ல. அடுப்ப அணைச்சுட்டுக் கேட்டுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். நீ எறங்கற சத்தம் கேட்டதுக்கப்பறம்தான் உள்ள வந்தேன்."

வெளியே நின்றாராம். மத்தியான வெயிலில். வெறுங்காலோடு.

எங்கிருந்துதான் வந்ததோ எனக்குக் கோபம். உடம்பில் மிச்சம் இருந்ததெல்லாம் கோபமாக வந்தது. "தெரிஞ்சுட்டே எதுக்குங்க இந்தச் செருப்பில்லாத நடை? நான் ஏற மாட்டேன்னு தெரியுமில்ல? யாருக்காக இந்தக் கால இப்பிடிக் கெடுத்து வச்சிருக்கீங்க?"

அவர் தன் பாதங்களைப் பார்த்தார். வெடிப்பில் என் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"நீ படுத்துக் கெடந்தே. ஊசி ஊசியாக் குத்துனாங்க. முடி போச்சு, நகம் கறுத்துது, வாயெல்லாம் புண்ணு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்கு எங்கியும் வலிக்கல பரிமளா." குதிகால் வெடிப்பைத் தடவினார். "அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் அழுதேன். அவர் அழவில்லை, மூக்கை மட்டும் துண்டால் துடைத்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. ஆறேழு பேர் எங்களைக் கடந்து ஏறினார்கள். படிபூசையில் கண் கலங்குவது சகஜம், யாரும் கண்டுகொள்ளவில்லை.


"எறங்கிரலாம்" என்றார்.

"அப்ப வேண்டுதல்?"

சொம்பின் மேல் மூடியிருந்த வாழையிலையை ஓரத்தில் நீவிக்கொண்டிருந்தார். "மறுபடி வந்துருமோன்னு பயமா இருக்குது" என்றார். அதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து இன்றுவரை அவர் கூடவே நடந்து வந்தது அதுதான்.

எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைச் சுமக்கவும் தெம்பு வேண்டும். என்னிடம் இல்லை.

"அது வர்றதா இருந்தா நாம படியேறுனமா இல்லியான்னு பாத்துட்டு வராதுங்க" என்றேன். "அந்தச் சொம்பக் குடுங்க இங்க."

"மேல போயித்தான..."

"எண்பத்தேழு படிக்கும் பொட்டு வச்சுக் கும்புட்டுட்டு வந்தனே, வெறும் கல்லையா கும்புட்டேன்? அவன் படியில இருக்கான்னுதான கும்புட்டேன்? மேல இருக்கறவனே இங்கயும் இருக்கான். அவனுக்குக் கால் வலிக்காது, எறங்கி வரட்டும்."

கிரவுண்டில் கத்துகிற குரல் வந்திருந்தது எனக்கு. நானே அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் சொம்பைத் தூக்கினார். ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கையில் பாரம் எடுக்கக் கூடாது எனக்கு. வலது கையால் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர் பிடித்தார். எண்பத்தேழாவது படியின் மேல், நான் வைத்த மஞ்சளின் மேல், ஊற்றினோம். பால் படியை நிறைத்தது. ஓரத்தில் வழிந்து எண்பத்தாறில் விழுந்தது. எண்பத்தைந்தில். எண்பத்து நாலில். ஒவ்வொரு பொட்டாய்க் கரைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

அவர் என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை. நான் ஒன்றும் வேண்டவில்லை. முருகா, நான் அசந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது வெயில் வந்தது. முதலில் மண்டபத்துத் தூணில். பிறகு எங்கள் தலையில், பிறகு முகத்தில். தினமும் ஜன்னலில் பார்க்கிற அதே வெயில். அதன் வழியில் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. இளஞ்சூடாய் இருந்தது.


இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. இறங்கும்போது அந்தக் கை என் முதுகில் இருந்தது. ஒரு சாண் தூரம் இல்லை.

புளியமரத்தடியில் வண்டியின் சீட்டைத் திறந்து பையை எடுத்தேன். செய்தித்தாளைப் பிரித்துச் செருப்பை அவர் முன்னால் போட்டேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"மேல போகலியே புள்ள. படியேறி முடிக்கலியே."

"போடுங்க."

மலையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதைப் பார்த்தாரோ, முகம் கொஞ்சம் இளகியது. "பயந்தாக் கால ஊனு, அசிங்கமில்லைன்னு ஊருக்கெல்லாம் கத்துவியே" என்றார். "உனக்கு யாரும் சொல்லலியா?"

"இல்லீங்க. எனக்கு யாரும் சொல்லல."

"நான் சொல்லியிருக்கோணும்."

காலை நுழைத்தார். நுழையவில்லை. பதினெட்டு மாதம் வெறுந்தரையில் நடந்த கால் பரந்துபோய்விட்டது. செருப்பு அப்படியே இருக்க, கால் மாறிவிட்டது. இழுத்துப் பார்த்தார், குதித்துப் பார்த்தார். பாதிப் பாதம் உள்ளே, குதிகால் வெளியே. புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்து வண்டியில் சாய்ந்து நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். அவர் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை.

சாயங்காலம் ருக்குமணியக்கா வந்தார். சாமியப் பாத்தியா கண்ணு என்றார். பார்த்தோமுங்கக்கா, எண்பத்தேழாவது படியில இருந்தார் என்றேன். அக்கா வாயைத் திறந்தார். தம்பியின் காலில் செருப்பைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கொண்டுவந்திருந்த மாதுளம்பழத்தை எடுத்து, உட்கார்ந்து, முத்து முத்தாய் உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.


மறுநாள் காலை.

அசதி எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் முந்தின நாளின் எண்பத்தேழும் சேர்ந்து, கையைத் தூக்கிப் போர்வையை விலக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது.

அவர் வாசற்படியில் நின்று கேட்டார். "எந்திரிக்கலியா?"

"முடியலீங்க."

"செரி. படுத்துக்க. பால் நான் வாங்கியாறேன்."

இவ்வளவுதானா? இதற்கா ஒன்பது மாதம்?

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. குதிகால் வெளியே நிற்பதால் தேய்த்துத் தேய்த்து, இழுத்து இழுத்து. தெருமுனைவரை கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பதினெட்டு மாதமாக அவர் சத்தமில்லாமல்தான் போவார், சத்தமில்லாமல்தான் வருவார்.

ஜன்னலில் வெயில் உச்சியில் விழுந்தது. கலசம். மேல் மண்டபம். நடு மண்டபம். ஒரு படி, இன்னொரு படி. கீழ் மண்டபத்தின் நாலு தூணும் மஞ்சளாயின. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று. இங்கிருந்து அந்தப் படி தனியாய்த் தெரியாது. எனக்குத் தெரியும்.

சித்த உக்காந்துட்டுப் போ, என்றேன் வெயிலிடம். அவசரம் ஒண்ணுமில்ல.